7, 14, 21 மெகாஹெர்ட்ஸ் கேட்க லாங் வயர்: 17 மீட்டரா, 23 மீட்டரா?

நண்பர்களே, மொட்டை மாடியில் 24 மீட்டர் நேராக ஆன்டெனா வயர் இழுக்கலாம். ஹாம் ரேடியோ கேட்பதற்கு மட்டும்தான். 9:1 அன்அன் (வயரைக் கேபிளோடு பொருத்தும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்), ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர் டாங்கிள் (கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி.யில் செருகும் ரிசீவர்).

20 மீட்டர் நீள வயர் வேண்டாம் என்பது உறுதி. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலைநீளம், மீட்டரில்; 7.1க்கு 20.1 மீட்டர். அதே நீளம் 14.2இல் இரண்டு அரை அலை, 21.3இல் மூன்று. மூன்றிலும் வயர் முனையில் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கான தடை) சில ஆயிரம் ஓமுக்கு ஏறிவிடும். 450 ஓமை 50 ஆக்கும் அன்அன் அங்கே பொருந்தாது.

17 இந்த மடங்குகள் எதிலும் விழவில்லை. 23உம் அப்படித்தான், 3.5 மெகாஹெர்ட்ஸில் சிக்னலும் கூடும். ஆனால் மீடியம் வேவும் சேர்ந்து கூடி டாங்கிளைத் திணறடிக்குமே! ஹை-பாஸ் ஃபில்டரோடு (மீடியம் வேவ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுப்பது) 23 போட்டவர்கள் உண்டா? சிக்னல் அளவு முக்கியமில்லை, இரைச்சலுக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று: கோஆக்ஸ் கேபிளின் வெளியுறை வழியே எல்.ஈ.டி. விளக்கு இரைச்சல் ஏறாமலிருக்க ஃபெரைட் சோக்கை (அந்த இரைச்சல் மின்னோட்டத்தைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) அன்அன் பக்கம் போடுவதா, ரிசீவர் பக்கமா?