பட்டம் உண்டு, பதவி இல்லை: ஊசி மறுத்த படைக்கல்லூரி மாணவர்கள்

மாங்குளத்தான்:
2022 மே மாதம் அமெரிக்க வான்படைக் கல்லூரியில் 3 மாணவர்கள், அப்போது படையில் கட்டாயமாக இருந்த கொரோனாத் தடுப்பூசியை மறுத்தார்கள். நாலு வருடம் படித்ததற்குப் பட்டம் கொடுத்தார்கள், அதிகாரிப் பதவி கொடுக்கவில்லை. படிப்புச் செலவைத் திருப்பிக் கேட்கலாம் என்ற பேச்சும் இருந்தது. ஆகஸ்டில் கரையோரக் காவற்படைக் கல்லூரி 7 பேரை வெளியேற்றியது. மனச்சாட்சிக்காக மறுக்கிற பிள்ளைகளை இப்படி நடத்துவது அநியாயம்.

கிளிநொச்சி மிட்வைப்:
தம்பி, அங்கே எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டு மண்டபம், ஒரே விடுதி. ஒருவருக்குத் தொற்றினால் ஒருவரோடு நிற்காது. 1777இலேயே அமெரிக்கத் தளபதி வாஷிங்டன் தன் படைக்குப் பெரியம்மைக்கு அம்மைப்பால் குத்த வைத்தார். இந்த மாணவர்களும் வேறு ஊசிகள் போட்டுத்தான் கல்லூரிக்குள் போனார்கள். நம் இலங்கையில் 1995இல் போலியோச் சொட்டு மருந்துக்காகச் சண்டையையே நிறுத்தி வைத்தார்கள். குளிர்ப்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு காட்டுப்பாதையில் போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மாங்குளத்தான்:
அக்கா, அதைத்தான் நானும் சொல்கிறேன். அன்று யார் யாரைக் கட்டாயப்படுத்தியது? தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா தானாகத்தான் வரிசையில் நின்றார், உங்களை நம்பி. அமெரிக்கப் படையிலோ உடல்நலக் காரணம் சொன்னவர்களுக்கு விலக்குக் கிடைத்தது, மதக் காரணம் சொன்னவர்களுக்கு அநேகமாகக் கிடைக்கவேயில்லை. 2022 ஜனவரியில் டெக்சாஸ் நீதிபதி ஒருவர், மதக் காரணத்தால் ஊசி மறுத்த கடற்படையினரின் வழக்கில் இதைக் காட்டித்தான் அவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கத் தடை போட்டார்.

மடுப்பக்கத்து ஆள்:
நான் கத்தோலிக்கன். கருக்கலைப்பில் இருந்து வந்த உயிரணுக்கள் சம்பந்தப்பட்ட ஊசி என்று மறுத்தவர்களின் மனக்கஷ்டம் எனக்கு விளங்குகிறது. 2020 டிசம்பரில் வத்திக்கான், வேறு ஊசி இல்லாவிட்டால் அதைப் போடுவது பாவமில்லை என்றது. போடுவது அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும் என்றும் அதே குறிப்பில் இருக்கிறது. நான் போட்டுக்கொண்டேன். போடாதவனைத் துரத்த எனக்கு மனம் வராது.

கிளிநொச்சி மிட்வைப்:
பிள்ளையைத் தூக்கி வந்த தாயும் நாளைக்கு நூறு பேருக்குக் கட்டளையிடப் போகிற அதிகாரியும் ஒன்றா? தாய் மாட்டேன் என்றால் நான் திண்ணையில் இருந்து பேசிப் பார்ப்பேன், அப்புறம் திரும்பவும் போவேன். படையில் அப்படி நடக்காது. அந்தத் தடையையும் மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தளர்த்தி, யாரை எங்கே அனுப்புவது என்பதில் ஊசியைக் கணக்கில் எடுக்கலாம் என்றது. ஆனால் படிப்புக் காசைத் திருப்பிக் கேட்பது சரியில்லை. அதில் நான் உங்கள் பக்கம்.

மாங்குளத்தான்:
2023 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள், அக்கா. கல்லூரி எட்டு மாதம் பொறுத்திருந்தால் அந்த மூன்று பேரும் இன்று அதிகாரிகள்.