வெள்ளைப் பூவில் மஞ்சள் நீர் ஏறாதது ஏன்?

கேள்வி

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக, வெள்ளைப் பூவை வண்ண நீரில் வைத்து நிறம் மாற்றிக் காட்டும் சோதனையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். முடிந்தவரை வீட்டில் உள்ள பொருள்களையே பயன்படுத்தலாம் என்று கருதி, ஒரு தம்ளர் நீரில் மஞ்சள்தூளையும் இன்னொன்றில் குங்குமத்தையும் மூன்றாவதில் கேசரிப் பவுடரையும் கலக்கி, மூன்றிலும் சம்பங்கித் தண்டுகளை வைத்தோம். மறுநாள் காலையில் கேசரிப் பவுடர் நீரில் இருந்த பூக்களின் இதழ் ஓரங்களில் மட்டும் ஆரஞ்சு நிறம் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தது. மற்ற இரண்டும் வெள்ளையாகவே இருந்தன. வீட்டுத் தோட்டத்து நந்தியாவட்டையில் கேசரிப் பவுடர் நீரும் ஏறவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? விளக்க அட்டையில் "நுண்புழைத் தன்மையால் (மிக மெல்லிய குழாயில் நீர் தானாகவே மேலேறும் இயல்பால்) நீர் ஏறுகிறது" என்று எழுதினால் போதுமா?

முதல் மறுமொழி

வணக்கம் அம்மா. மஞ்சள்தூள் நீரில் கரைந்துவிட்டது போலத் தோன்றினாலும், அதற்கு நிறம் தரும் குர்குமின் என்னும் பொருள் நீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. அந்தத் தம்ளரைச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்தால் தூள் முழுவதும் அடியில் படிவதைக் காணலாம். குங்குமமும் கோலப்பொடியும் பெரும்பாலும் இப்படித்தான். தண்டுக்குள் நீரைக் கடத்தும் சைலம் குழாய்கள் அடி முதல் நுனி வரை ஒரே குழாயாக நீள்வதில்லை. ஒரு குழாய் முடிந்து அடுத்ததற்கு நீர் செல்லும் இடங்களில் மிக மெல்லிய சவ்வு குறுக்கிடுகிறது. அதன் துளைகள் நானோமீட்டர் அளவிலானவை என்பதால், கரைந்த சாயத்தின் மூலக்கூறுகள் கடந்து செல்லும். மிதக்கும் துகள்கள் அங்கேயே நின்றுவிடும். துணிக்குப் போடும் நீலப் பொடியும் கரையாத நிறமி என்பதால் அதுவும் பயன்படாது.

நந்தியாவட்டையின் சிக்கல் வேறு. காம்பை ஒடித்தவுடன் வெள்ளைப் பால் கசிவதைக் கவனித்திருப்பீர்கள். அது வெட்டுவாயில் உறைந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும். அரளிக்கும் பால் உண்டு, அத்துடன் அது நச்சுச் செடி என்பதால், குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம். காம்பில்லாமல் பறித்து விற்கப்படும் மல்லிகையும் இதற்கு உதவாது. சம்பங்கியும் நீண்ட காம்புள்ள வெள்ளைச் சாமந்தியுமே நல்ல தேர்வு. தண்டின் அடியை நீருக்குள் வைத்தபடியே சாய்வாக வெட்டுங்கள்; காற்றில் வெட்டினால் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்து நீரோட்டம் அறுந்துவிடும். ஐந்தாம் வகுப்புக்கு நுண்புழைத் தன்மை என்ற விளக்கமே போதும் என்பது என் கருத்து.

இரண்டாம் மறுமொழி

ஐயா சொன்ன மற்ற அனைத்தும் சரியே. கடைசிக் கருத்தை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. இருபது மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குழாயில் நுண்புழைத் தன்மை நீரை முக்கால் மீட்டர் உயரம் வரைதான் ஏற்றும். ஏற்றிய பிறகு நீர் அங்கேயே நின்றுவிட வேண்டும். பூவிலோ நீர் நிற்பதில்லை, மேலே சென்றுகொண்டே இருக்கிறது. இதழ்களிலிருந்தும் இலைகளிலிருந்தும் நீர் ஆவியாவதால் ஏற்படும் இழுவிசை, ஒன்றையொன்று பற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளின் தொடரை அடிவரை இழுக்கிறது என்று அயர்லாந்து அறிவியலாளர்களான டிக்சனும் ஜோலியும் 1894இல் விளக்கினார்கள். நூறு மீட்டரைத் தாண்டி வளரும் கலிபோர்னியச் செம்மரங்களின் உச்சிக்கு நீர் எட்டுவதற்கும் இதுவே காரணம். நீர் ஆவியாகிப் போக, சாயம் பின்தங்கிச் சேர்வதால்தான் உங்கள் சம்பங்கியின் இதழ் ஓரங்களில் முதலில் நிறம் கூடியது.

குழந்தைக்கு இதை நேரடியாகக் காட்டிவிடலாம். ஒரே அளவுள்ள இரண்டு தண்டுகளைக் கேசரிப் பவுடர் நீரில் வைத்து, ஒன்றின் பூக்களை மட்டும் பாலித்தீன் பையால் மூடிக் கட்டுங்கள். மற்றதைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பைக்குள் ஈரம் நிறைந்து ஆவியாதல் குறைவதால் அந்தப் பூவில் நிறம் தாமதமாகவே ஏறும். நுண்புழைத் தன்மை மட்டுமே காரணமாக இருந்தால் இந்த வேறுபாடு வருவதற்கு இடமில்லை.

மூன்றாம் மறுமொழி

நீங்கள் சம்பங்கியைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. பிரான்சின் மொன்பெலியே நகரத்துத் தாவரவியலாளர் பியர் மன்யோல் 1709ஆம் ஆண்டு வாக்கில், ஃபைட்டோலாக்கா என்னும் செடியின் சிவந்த கனிச்சாற்றில் இதே சம்பங்கித் தண்டை வைத்து, வெள்ளைப் பூக்கள் சிவப்பேறுவதைக் கண்டு பதிவு செய்தார். மக்னோலியா மரத்தின் பெயர் அவர் நினைவாக வைக்கப்பட்டதுதான். கண்காட்சி அட்டையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கலாம்.

பூவோடு நிறுத்திவிடாமல், நிறமேறிய தண்டைப் பெரியவர் ஒருவர் பிளேடால் குறுக்கே மெல்லிய வில்லைகளாக நறுக்கித் தரட்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால், ஒருவித்திலைத் தாவரமான சம்பங்கியில் ஆரஞ்சுப் புள்ளிகள் தண்டு முழுவதும் சிதறியிருக்கும். இருவித்திலைத் தாவரமான சாமந்தியில் அவை ஒரு வளையமாக அமைந்திருக்கும். இரண்டையும் வெள்ளைத் தட்டில் அருகருகே வைத்தால், நீர் தண்டு முழுவதும் ஊறி ஏறுவதில்லை, அதற்கென அமைந்த குழாய்கள் வழியாகவே ஏறுகிறது என்பதை உங்கள் மகளே பார்வையாளர்களுக்குக் காட்டி விளக்கலாம்.