வீட்டு ஜெபத்தில் முதன்முதலாக வாய் திறந்த நாள்

உடன்குடிப் பக்கம், கருப்பட்டி வியாபாரம்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இந்தக் குழுவில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதால் துணிந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் கோவில் கமிட்டியில் பதினோரு வருஷம் இருந்திருக்கிறேன். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, எத்தனை மூட்டை அரிசி, எத்தனை தேங்காய், எந்த அடுப்பில் எந்த அண்டா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காணிக்கைக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகியதில்லை. ஆனால் வீட்டில் ராத்திரி ஜெபம் என்பது என் மனைவியின் காரியமாகவே இருந்தது. பாய் விரிப்பது, பிள்ளைகளை உட்கார வைப்பது, வேதம் வாசிப்பது, ஜெபம் பண்ணுவது எல்லாம் அவள்தான். நான் கடைசியில் ஆமென் சொல்வேன். பல நாள் அந்த ஆமெனும் கடைக்கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னதுதான்.

போன ஆவணியில் அவளுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். துணைக்கு மாமியார் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டார்கள். நான் பிள்ளைகள் இரண்டு பேரோடு வீட்டில் இருந்தேன். மணி எட்டு ஆனது. சின்னவளுக்கு எட்டு வயது. யாரும் சொல்லாமலே பாயை விரித்தாள். அம்மாவின் வேதாகமத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

எனக்கு வாய் வரவில்லை. கூட்டத்தில் அரை மணி நேரம் நின்று பேசுகிறவனுக்கு அங்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று ஆரம்பித்தேன். அந்த ஜெபத்தைச் சின்ன வயதிலிருந்து சொல்லிவருகிறேன், ஆனால் எப்போதும் சபையோடு சேர்ந்துதான். தனியாகச் சொன்னபோது, மன்னிப்பைக் கேட்கிற வரியில் அடுத்த வார்த்தை வரவில்லை. பெரியவள் எடுத்துக்கொடுத்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் பின்னால் சொல்லி முடித்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் இல்லை. அப்பா ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அவர் பனையேறி, பள்ளிக்கூடம் போகாதவர். தை பிறந்தால் ஆடி வரைக்கும் விடியுமுன்னே கிளம்பிவிடுவார். நான் சின்னப்பிள்ளையாகக் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுத்துக்கொண்டு கூடவே போவேன். மிதித்து ஏறுகிற முருக்குத்தடியை மரத்தில் சாய்த்ததும் உடனே ஏறமாட்டார். மரத்தில் உள்ளங்கையை வைத்து, 'உன் காலைத் தள்ளாடவொட்டார். உன்னைக் காக்கிறவர் உறங்கார்' என்று சொல்வார். சொல்லிவிட்டுத்தான் தளைநாரில் கால். காலையில் முப்பது மரம், சாயங்காலம் அதே முப்பது மரம். ஒவ்வொரு மரத்தடியிலும் அந்த வார்த்தை கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். என் பிள்ளைகளுக்கு அப்படி ஞாபகம் வைத்துக்கொள்ள என் சத்தம் ஒன்றுகூட இல்லையே என்று அழுகை வந்துவிட்டது.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நாள் வந்ததா? வீட்டில் முதலில் வாய் திறந்தது எப்படி? சொல்லுங்கள்.


மணப்பாடு, கடல் தொழில்

அண்ணே, மனப்பாட ஜெபம் பாதியில நின்னுபோச்சேன்னு வருத்தப்படாதீங்க. நாங்க கத்தோலிக்கர். எங்க கடற்கரைக்கு 1542-ல பிரான்சிஸ் சவேரியார்ங்கிற பாதிரியார் வந்தப்போ அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிஞ்சவங்களை வச்சு விசுவாசப் பிரமாணத்தையும் மத்த ஜெபங்களையும் தமிழாக்கி, அவரே மனப்பாடம் பண்ணி, கையில மணியை ஆட்டிக்கிட்டே தெருவுல போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தாரு. சீக்காளி வீட்டுல ஜெபத்துக்குக் கூப்பிட்டா அந்தப் பிள்ளைகளை அனுப்பி, படிச்ச ஜெபத்தையே சொல்ல வச்சாராம், அவரு கடிதத்துலயே இருக்கு. உங்க பெரிய பிள்ளை எடுத்துக்கொடுத்தது அந்த வழிதான்.

என் கதை இது. தூத்துக்குடியில விசைப்படகுல போறேன். விடியக்காலம் போனா வீடு வந்து சேர ராத்திரி பத்து. அதுக்குள்ள எங்கம்மா ஜெபமாலை முடிச்சுப் பிள்ளைகளைத் தூங்க வச்சிருப்பாங்க. அம்மா முந்தின வருஷம் தவக்காலத்துல இறந்துட்டாங்க. ஏப்ரல் 15-ல மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சு 61 நாளும் சாயங்காலம் நான் வீட்டுலதான். முதல் நாள் கோவில் மணி அடிச்சதும் மகன் அம்மாவோட ஜெபமாலையைக் கொண்டுவந்து என் கையில வச்சான்.

கயிறு இழுத்து இழுத்து என் விரல் காய்ச்சுப்போயிருக்கு. அம்மா உருட்டித் தேஞ்ச மணி, ஒண்ணு எங்க முடியுது அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு விரலுக்குத் தெரியல. பத்து சொல்ல வேண்டிய இடத்துல பன்னிரண்டு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டேன். பொண்டாட்டியும் பிள்ளைகளும் பன்னிரண்டுக்கும் பதில் சொன்னாங்க. யாரும் திருத்தல.


ஷார்ஜா, ஏ.சி. மெக்கானிக்

ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே வாட்ஸ்அப்பில் கால் போகாது, ஆனால் வாய்ஸ் மெசேஜ் போகும். கேம்ப்பில் ஒரு ரூமில் ஆறு பேர், அதனால் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று ஒரு நிமிஷம் ஜெபித்து அனுப்புவேன். ஊரில் ராத்திரி ஒன்பதரை என்றால் இங்கே எட்டு. முதல் தடவை ஏழு தரம் அழித்து அழித்துப் பேசினேன். இப்போது ஒரே மூச்சில் வருகிறது. பையன் ஜெப நேரத்தில் அதைப் போட்டுக் கேட்கிறானாம். நான் 'ஆமென்' சொல்லும்போது அவனும் போனைப் பார்த்து 'ஆமென்' சொல்கிறான் என்று மனைவி சொன்னாள். அன்றைக்கு வேலையில் ஏணி மேல் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தேன்.


தென்காசி ரூட், தனியார் பஸ் ஓட்டுநர்

நான் சொல்லப்போவது வாய் திறந்த கதை இல்லை. என் மகன் என் வாயை மூடின கதை.

பஸ் முன் கண்ணாடியில் 'இயேசுவே துணை' என்று எழுதியிருக்கும். ஆனால் டைமிங் விஷயத்தில் எனக்கும் பின்னால் வருகிற பஸ்காரருக்கும் தினம் சண்டை. ஒருநாள் ஸ்டாண்டில் அவரை அவர் தாயை இழுத்துத் திட்டினேன். பின் சீட்டில் ஸ்கூல் பையோடு என் மகன் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி மனைவிக்குத் தலைவலி, 'இன்னைக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க' என்றாள். பதிமூன்று வயசுப் பையன் தலையைத் தூக்காமல், 'அப்பா பண்ண வேண்டாம்மா' என்றான்.

அவனை அடிக்கக் கை எழுந்தது. அடிக்காமல் நிறுத்தினது கர்த்தருடைய கிருபை. மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அவன் மேல் கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் எல்லாம் அவன் சொன்னது உண்மை என்பதால் வந்ததுதான். நாலாம் நாள் அவனை வாசலுக்குக் கூப்பிட்டு, 'மக்கா, அன்னைக்கு அப்பா பேசினது தப்பு. அந்த டிரைவர் மாமாகிட்டயும் சொல்லிட்டேன்' என்றேன். சொல்லியும் இருந்தேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு டீ வாங்கிக்கொடுத்தார்.

இப்போது சாவி போடுமுன் 'என் வாய்க்குக் காவல்வையும்' என்கிற வசனத்தைச் சொல்கிறேன். இன்னும் சில நாள் தவறிவிடுகிறது. தவறின நாளில் ஜெபத்துக்கு முன்னால் மகனிடம் சொல்லிவிடுவேன். அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.


கோயம்புத்தூர், ஐ.டி. வேலை

எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மனைவி ஞாயிறு பள்ளி ஆசிரியை. என்னைவிடப் பத்து மடங்கு வேதம் தெரிந்தவள். அவள் ஜெபித்தால் எனக்கே மனசு நிறைகிறது. நம் சபைகளில் 'ஆண் தலைவன்' என்று பேசிப் பேசியே பெண்களை உட்கார வைத்துவிட்டோம் என்பது என் எண்ணம். இப்போது நான் எழுந்து 'இனி நான் ஜெபிக்கிறேன்' என்றால், அவள் அழகாகச் செய்துகொண்டிருப்பதைப் பிடுங்கிக்கொள்வது ஆகாதா?


பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, நல்ல கேள்வி. ஒன்றையும் பிடுங்க வேண்டாம். அவர்கள் ஜெபித்து முடித்ததும் நீங்களும் இரண்டு வாக்கியம் ஜெபியுங்கள், போதும். தீமோத்தேயுவுக்கு விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று பவுல் எழுதும்போது பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்று இரண்டு பேரையும் பேர் சொல்லி எழுதுகிறார். தகப்பன் கிரேக்கன் என்று மட்டும் அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரி இருக்கிறது. பேர்கூட இல்லை. அந்த வரியை நாற்பது வருஷம் வகுப்பில் வாசித்திருக்கிறேன். என் வீட்டிலும் நிலைமை அதுதான் என்று எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

என் மனைவி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். உலை வைக்கும்போது ஊழியத்துக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியாகக் கலயத்தில் போடுவாள், என் தாயாரிடம் படித்த பழக்கம். அவள் போனபின் கலயம் காலியாகவே இருந்தது. ஜெபமும் நின்றுவிட்டது. மகன்கள் வெளியூரில். ஆராதனைக்குப் போவேன், பந்தியில் நற்கருணை எடுப்பேன், வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவேன். எட்டு மாதம் அப்படியே போனது. சபைப் போதகர் ஐயரும் வந்து விசாரித்தார், கமிட்டிக்காரர்களும் வந்தார்கள். எல்லாரும் சாப்பாட்டைக் கேட்டார்கள், சர்க்கரையைக் கேட்டார்கள்.

ஒரு நாள் டீக்கடையில் என் பழைய மாணவர் ஒருவர், பெயிண்டர், 'சார், வீட்ல ஜெபம் யார் பண்றா?' என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. 'யாரும் இல்லப்பா' என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ஏழரைக்குக் கைலியோடு, கை விரலில் பெயிண்ட் காயாமல், வேதாகமத்தோடு வாசலில் நின்றார். ஒரு சங்கீதம் வாசித்தார், ஒரு நிமிஷம் ஜெபித்தார், போய்விட்டார். மறுநாளும் வந்தார். ஒரு மாதத்துக்கு மேல் ஒரு நாளும் தவறவில்லை. ஒருநாள் மழையில் அவரால் வர முடியவில்லை. ஏழரை மணிக்கு நான் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நானே வேதாகமத்தை எடுத்தேன். என் மனைவி போனபிறகு என் சத்தத்தை அந்த வீட்டில் அன்றுதான் கேட்டேன்.

வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நம் பக்கத்தில் எல்லாரும் அறிவார்கள். 1903-இல் இங்கே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவர் 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மிஷனெரிகளைப் பார்த்து, நீங்கள் எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், நாங்கள் அன்பைக் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று பேசினார். வெள்ளைக்காரர்களைப் பார்த்துச் சொன்னது என்றே வகுப்பில் நடத்தினேன். அந்தப் பெயிண்டர் வந்தபிறகு, அது என் சபையைப் பார்த்தும் சொன்னதாகத் தோன்றுகிறது. நம் ஆண்கள் ஐக்கியத்தில் கூட்டம் உண்டு, பொறுப்பாளர் உண்டு, ஆண்டு விழா உண்டு. 'வீட்டில் ஜெபம் யார் பண்ணுகிறார்கள்' என்று கேட்கிற சிநேகிதன் உண்டா?

இப்போது நாங்கள் நாலு பேர். சனிக்கிழமை காலை நடை முடிந்ததும் அதே டீக்கடையில் உட்காருவோம். அவர்தான் கேட்பார். நாங்கள் உள்ளதைச் சொல்வோம்.


சேலம், தறிப் பட்டறை

எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் விசுவாசி. அம்மா தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள். குடும்ப ஜெபம் என்று மற்றவர்கள் பேசும்போது எனக்கு ஏக்கமாக இருக்கும். தறி ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் அங்கேயே வாய்விட்டு ஜெபிப்பேன். ஒருநாள் கரண்ட் போனது தெரியாமல் சத்தமாகத் தொடர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா சொம்போடு நிற்கிறார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. அம்மா, 'என் முட்டி வலிக்கும் சேத்துச் சொல்லுப்பா' என்று சொல்லிவிட்டு மோரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து சொல்கிறேன், அம்மா முன்னாலேயே.


உடன்குடிப் பக்கம், கருப்பட்டி வியாபாரம்

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். ஓட்டுநர் அண்ணன் எழுதினதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

அவள் வீட்டுக்கு வந்த அன்று, தையல் இருந்ததால் தரையில் உட்கார முடியாமல் கட்டிலில் இருந்தாள். சின்னவள் பாயைக் கட்டிலோடு ஒட்டி விரித்தாள். வேதாகமத்தை யார் முன்னால் வைப்பது என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மனைவி வாங்கி வாசித்தாள். நான் ஜெபித்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றி சொன்னேன். இத்தனை வருஷம் அவளைத் தனியாக ஜெபிக்க விட்டதற்கு அவள் பேரைச் சொல்லியே மன்னிப்புக் கேட்டேன். அவள் ஆமென் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அப்பாவைப் பார்க்கப் போனேன். மரம் ஏறுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. முட்டு மடங்காது, பார்வையும் மங்கல். 'அப்பா, மரத்தடியில சொல்வீங்களே, அந்தச் சங்கீதத்தை முழுசாச் சொல்லிக்கொடுங்க, பிள்ளைங்களுக்குப் படிச்சுக்கொடுக்கணும்' என்றேன். எனக்கு வேதாகமத்தில் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்ன, அவர் வாயால் கேட்க ஆசை.

'முழுசா எனக்கு எங்கப்பா தெரியும்?' என்றார். 'உபதேசியார் அந்த ஒரு வசனந்தான் சொல்லிக்கொடுத்தாரு.' கையை மடியிலிருந்து எடுத்து, திண்ணைத் தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அதைச் சொல்லிக் காட்டினார்.