கஞ்சா சாகுபடி வரலாறு: காரைக்குடியில் இருந்துகொண்டு ஆய்வை எங்கே தொடங்குவது?

கோட்டையூரான்
வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கேட்கிறேன். கஞ்சா சாகுபடியின் வரலாறு, அதைச் சுற்றியுள்ள பழக்கவழக்கம், சட்டம் மாறும்போது சாகுபடி செய்தவர்கள் கதி என்ன ஆகிறது, இதுதான் தலைப்பு. சிவகங்கை, ராமநாதபுரம் சமஸ்தானப் பகுதிக்கு 1900க்கு முந்தைய கணக்கு எங்கே கிடைக்கும்? நகரத்தார் வீட்டுப் பேரேடுகளில் ஏதாவது தட்டுப்படுமா? மலையோர ஊர்ப் பெரியவர்களிடம் பேட்டி எடுத்தால் சட்டச் சிக்கல் உண்டா? வெளிநாடுகளோடு ஒப்பிட எதை அளக்க வேண்டும்?

ரெக்கார்டு ரூம்
முதலில் 1893-94 இந்தியன் ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன் (கஞ்சா சாகுபடி, பழக்கம் பற்றி ஆங்கிலேய அரசு அமைத்த விசாரணைக் குழு) அறிக்கையை எடுங்கள். 1,193 சாட்சிகள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னை மாகாணச் சாட்சியங்கள் ஆறாம் தொகுதியில். சாட்சியங்களில் கேள்வி எண்ணும் பதிலும்தான் இருக்கும், கேள்வி இருக்காது. கேள்வித்தாளைத் தனியாக அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் ஒன்றும் புரியாது. சாட்சி சொன்னவர்களில் அதிகாரிகளே அதிகம் என்பதையும் மறக்காதீர்கள். தாசில்தார் "இங்கே பயிர் இல்லை" என்றால் அவர் பார்வைக்கு வரவில்லை என்று மட்டுமே எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் பகுதிக்கென்றே சில பொறிகள் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் உருவானது 1910இல். அதற்கு முன் உங்கள் ஊர்களை மதுரை மாவட்டத்தின் கீழ்தான் தேட வேண்டும். சிவகங்கை, ராமநாதபுரம் இரண்டுமே ஜமீன் என்பதால் ரயத்துவாரி (விவசாயி நேரடியாக அரசுக்கு வரி கட்டும் முறை) ஊர்களைப் போலப் புலவாரியான பயிர்க் கணக்கை எதிர்பார்க்காதீர்கள். முறையான செட்டில்மென்ட் (நில அளவை, வரி நிர்ணயம்) 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான். சாகுபடி பற்றி எழுதுவதானால் வடாற்காட்டு ஜவ்வாது மலை, அன்றைய கிருஷ்ணா மாவட்டம் என்று வெளியே போயே ஆக வேண்டும். செட்டிநாட்டில் தேட வேண்டியது கடை, ஏலம், நுகர்வு. அதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ரெவின்யூ போர்டின் "செப்பரேட் ரெவின்யூ" (நிலவரி அல்லாத வருவாய்) நடவடிக்கைகளைக் கேளுங்கள். 1886 சென்னை ஆப்காரி (மது, போதைப்பொருள் கலால்) சட்டத்துக்குப் பிறகு எல்லாமே ஆப்காரி தலைப்பில் கிடக்கும். விவசாயத் தலைப்பில் தேடி நாளை வீணாக்காதீர்கள்.

பயிர் அட்டவணையில் "ஹெம்ப்" என்று பார்த்ததும் குதித்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது சணப்பு, சில இடங்களில் புளிச்சை நார். இரண்டும் வேறு செடிகள்.

பேரேட்டுப் பித்தன்
பேரேட்டில் கஞ்சா என்று தனித் தலைப்பு இருக்கும் என்று நம்பிப் புரட்டாதீர்கள். கஞ்சாக் கடையைக் குத்தகை எடுத்தவருக்குக் கொடுத்த கடன், வட்டி வரவு என்றுதான் வந்திருக்கக்கூடும். ஆப்காரிக் கோப்பில் ஏலம் எடுத்தவர் பெயரை முதலில் பிடித்து, அந்தப் பெயரோடு பேரேட்டுக்கு வாருங்கள். தலைகீழாகப் போனால் ஆயுசு போதாது.

ஆண்டில் கவனம் தேவை. கமிஷன் நடந்தது விஜய வருடம். 1953-54ம் விஜயதான். தாளையும் கையெழுத்தையும் பார்த்து முடிவு செய்யாமல், அதே ஏட்டில் ஆங்கிலத் தேதி போட்ட உண்டியலோ (பணம் தரச் சொல்லும் சீட்டு) முத்திரைத்தாளோ செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எடையில்தான் நிறையப் பேர் சறுக்குவது. சென்னை மணங்கு 25 பவுண்டு, அதாவது சுமார் 11.3 கிலோ. அரசின் இந்திய மணங்கு சுமார் 37.3 கிலோ. அதற்குக் கீழான அளவான சேரிலும் அப்படித்தான்: சென்னை சேர் 24 தோலா, வங்காள சேர் 80 தோலா. கமிஷன் அட்டவணையில் எது என்று அடிக்குறிப்பைப் பார்க்காமல் கூட்டினால் கணக்கு மூன்று மடங்குக்கு மேல் பிசகும்.

கோர்ட்டு வாசல்
பேட்டி விஷயம். 1985 போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா வைத்திருந்தால் 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. பலருக்கும் தெரியாதது, செடி வளர்ப்பதற்கு இந்த அளவுக் கணக்கே கிடையாது. 20(அ) பிரிவில் 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். கொல்லையில் நாலு செடி என்று யாராவது சொன்னாலும் அது இதற்குள்தான் வரும்.

ஆய்வாளர் என்பதற்காகச் சொன்னதை மறைக்கும் சட்டப் பாதுகாப்பு இங்கே இல்லை. 67ஆம் பிரிவில் அதிகாரி யாரிடமும் தகவலும் ஆவணமும் கேட்கலாம். (தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் அப்படி வாங்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ள முடியாது என்றது. ஆனாலும் உங்கள் நோட்டுப்புத்தகத்தைக் கேட்பதை அது தடுக்காது.) ஆகவே அதிகாரி கையில் போகக்கூடாததை எழுதவே கூடாது. பெயர், ஊர், சர்வே எண் வேண்டாம். 1985க்கு முந்தைய காலத்தை மட்டும் கேளுங்கள். சம்மதத்தை வாய்மொழியாக வாங்குங்கள், கையெழுத்துப் படிவமே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். செல்போனில் படம் எடுத்தால் இடக்குறியும் சேர்ந்தே பதிவாகும், அதை அணைத்துவிட்டுப் போங்கள். பேச்சு இன்றைய தோட்டத்துக்குத் திரும்பினால் ரெக்கார்டரை நிறுத்துங்கள். நெறிமுறைக் குழு அனுமதி முதலிலேயே கையில் இருக்கட்டும்.

மலைச்சரிவு
வெளிநாட்டு ஒப்பீட்டுக்கு வருகிறேன். சட்டமாக்கியபோது சிறு விவசாயிக்கு நியாயப் பங்கு கிடைத்ததா என்று அளக்க உரிமக் கட்டணம் மட்டும் போதாது. கலிஃபோர்னியாவைப் பாருங்கள். 2016இல் கஞ்சாவைச் சட்டப்படி அனுமதித்த 64ஆம் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியபோது பெரிய பண்ணைகளுக்கு ஐந்தாண்டு தடை என்று சொன்னார்கள். 2017 இறுதியில் வந்த விதிகளோ ஒருவரே எத்தனை சிறு உரிமம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விட்டுவிட்டன. சாகுபடி வரி எடைக்கு இத்தனை டாலர் என்று இருந்ததால் விலை சரிந்தபோதும் வரி சரியவில்லை. 2022 ஜூலையில்தான் அதை எடுத்தார்கள். அடி வாங்கியது ஹம்போல்ட் பக்கத்துச் சிறு விவசாயிகள்.

மொராக்கோவில் 2021இல் கஞ்சா சாகுபடியை மருத்துவ, தொழில் பயன்பாட்டுக்கு அனுமதித்த 13-21 சட்டம், ரிஃப் மலையில் மூன்று மாகாணங்களுக்கு மட்டும். 2024 ஆகஸ்டில் 4,800க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு மன்னர் மன்னிப்பு. சட்டமாக்கலுக்கும் மன்னிப்புக்கும் இடையே மூன்று ஆண்டு. இந்த இடைவெளியை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டாலே ஒரு அத்தியாயம் தேறும்.

நம் பக்கம் உத்தராகண்ட், 2018இல் போதை குறைந்த ரகத்தின் சாகுபடிக்கு உரிமம் கொடுத்தது. டிஹெச்சி (போதை தரும் வேதிப்பொருள்) 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் மலையில் தானாக வளரும் நாட்டு ரகம் பெரும்பாலும் அடிபட்டுப்போகிறது, விதை வெளியிலிருந்து வர வேண்டியதாகிறது. விதை யார் கையில் என்பதை ஒரு தனிக் கட்டமாகவே போடுங்கள்.

பழைய காலத்துக்கு வங்காளத்து நவ்காவ் (இன்று வங்கதேசத்தில்). அங்கே ஆண் செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்க "போத்தார்" என்று தனி ஆளே உண்டு. ஒன்றிரண்டு தப்பினாலும் மகரந்தம் பட்டுப் பெண் பூவில் விதை பிடிக்கும், பிசின் குறையும், சரக்கு விலை போகாது. அந்த ஆளுக்குக் கூலி, உரிமக் கெடுபிடி, கடன் என்று மாட்டிய விவசாயிகள் 1917இல் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். உரிமம் சங்கத்துக்கா தனி ஆளுக்கா என்ற கேள்விக்கு அன்றைய இந்தியாவிலேயே இருக்கும் முன்மாதிரி அது.

கோட்டையூரான்
மிக்க நன்றி. நவ்காவ் தகவல் கமிஷன் அறிக்கையிலேயே வருமா, தனியாகத் தேட வேண்டுமா?

ரெக்கார்டு ரூம்
போத்தார், நாற்று, பதப்படுத்தல் எல்லாம் முதல் தொகுதியிலேயே விரிவாக உண்டு. சங்கம் அதற்குப் பிறகு வந்தது, அதற்கு வங்காளக் கூட்டுறவுத் துறையின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள்.