ரிக்வயர்ஜேஎஸ்ஸில் ஷீட்ஜேஎஸ் இறங்குகிறது, ஆனால் வேலை செய்யவில்லை

கேள்வி (குலசேகரம்):
வணக்கம். எங்கள் ஊரில் ரப்பர் பால் கொள்முதல் செய்யும் கடைக்காக, அன்றாடம் வரும் பாலின் எடையையும் டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின்) சதவீதத்தையும் எக்செல் கோப்பிலிருந்து படித்து, அவரவருக்குச் சேரவேண்டிய தொகையைக் காட்டும் பக்கம் ஒன்றை எழுதி வருகிறேன். பக்கம், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஏற்றித் தரும் லோடரான ரிக்வயர்ஜேஎஸ்ஸில் ஓடுகிறது. எக்செல் கோப்பைப் படிக்கும் நூலகமான ஷீட்ஜேஎஸ்ஸின் முழுக் கோப்பை ஸ்கிரிப்ட் டேகில், ரிக்வயர்ஜேஎஸ்ஸுக்குக் கீழே சேர்த்தபோது, 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்.ரீட் ஒரு ஃபங்ஷன் அல்ல' என்ற பிழை வந்தது. டேகை நீக்கிவிட்டு, கான்ஃபிகில் 'ஷீட்' என்ற பெயரில் பாதை கொடுத்தேன். இப்போது 'அன்டிஃபைன்ட்' மட்டுமே கிடைக்கிறது. நெட்வொர்க் பலகையில் கோப்பு 200 (சரியாக வந்து சேர்ந்தது) என்றே காட்டுகிறது. இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

மறுமொழி (நாகர்கோவில்):
இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான். அந்தக் கோப்பு ஏஎம்டி லோடர் (ரிக்வயர்ஜேஎஸ் அந்த வகைதான்) இருப்பதைக் கண்டவுடன், தன்னை ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' என்ற பெயரில் டிஃபைன் செய்து வைத்துவிட்டு, யாராவது ரிக்வயர் செய்து கேட்கும்வரை காத்திருக்கும்; அதனால்தான் டேகில் சேர்த்தபோது உங்கள் கைக்குக் காலி ஆப்ஜெக்ட் வந்தது. பெயரை அதுவே உள்ளே எழுதி வைத்திருப்பதால், நீங்கள் 'ஷீட்' என்று கூப்பிட்டால் அந்தப் பெயரில் எந்த மாட்யூலும் பதிவாவதில்லை. கான்ஃபிகின் பாத்ஸ் பகுதியில் 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' என்ற பெயரையே கொடுங்கள், பாதையின் கடைசியில் '.ஜேஎஸ்' சேர்க்காதீர்கள். ஷிம் (ஏஎம்டி தெரியாத கோப்புகளுக்கான கான்ஃபிக் பகுதி) எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஏஎம்டி தெரிந்த கோப்புக்கு அது தேவையில்லை.

மறுமொழி (தக்கலை):
மேலே சொன்னது சரி. இன்னொன்றையும் கவனியுங்கள் தம்பி: ரிக்வயர்ஜேஎஸ் இயல்பாக 7 நொடிதான் காத்திருக்கும். இந்தக் கோப்போ ஒரு மெகாபைட்டை நெருங்குவது. பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் இழுக்கும் இடத்தில் பக்கத்தைத் திறப்பவருக்கு 'லோட் டைம்அவுட்' வரும். கான்ஃபிகில் வெயிட்செகண்ட்ஸ் மதிப்பை 0 என்று வைத்தால் அந்த வரம்பு நீங்கிவிடும். கோப்பை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, இருவருக்கும். பெயரை மாற்றியவுடன் சரியாகிவிட்டது. கோப்பைப் படிக்கும் வரிகள் கால்பேக்குக்கு (மாட்யூல் வந்த பிறகு ஓடும் ஃபங்ஷனுக்கு) வெளியே கிடந்ததால் முதலில் மறுபடியும் சிக்கியது. அவற்றை உள்ளே நகர்த்தினேன். முதல் வரிசையில் 12.5 கிலோ பால், டி.ஆர்.சி. 36 சதவீதம், உலர் ரப்பர் 4.5 கிலோ என்று பக்கம் காட்டுகிறது. கடைக்காரரின் பேரேட்டிலும் அதே 4.5 தான் இருக்கிறது.