சிறு பீர் தயாரிப்புத் தொழிலுக்கு வணிகக்குறி: பெயரையா, லேபிளையா முதலில் பதிவது?

வணக்கம். நானும் என் தம்பியும் சிறிய அளவில் பீர் தயாரிக்கும் தொழிலைத் தொடங்கவிருக்கிறோம். செப்புக் கொதிகலனைச் சுற்றி ஹாப்ஸ் கொடி படர்ந்திருக்கும் முதல் லேபிளின் மாதிரி மேசைமேல் தயாராக இருக்கிறது. வணிகக்குறிப் பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் வகுப்புகளாகப் பிரிக்கும் பன்னாட்டு நைஸ் வகைப்பாட்டில் பீர் 32-ஆம் வகுப்பிலும் ஒயின் முதலான பிற மதுபானங்கள் 33-ஆம் வகுப்பிலும் வருகின்றன என்றாலும், ஒத்தொலிக்கும் பெயர் ஒயினுக்கு இருந்தாலும் மறுப்பு எழலாம் என்பதால், இரண்டிலுமே தேடிப் பார்த்துவிட்டோம். கையிலுள்ள பணம் ஒரே விண்ணப்பத்துக்குத்தான் போதும் என்ற நிலையில், பெயரை வெறும் சொற்குறியாகப் பதிவதா, லேபிள் படத்தோடு சேர்த்துப் பதிவதா? படம் பின்னாளில் மாறக்கூடும். ஆகவே சொல்லைக் காப்பதே நல்லது என்று எனக்குப் படுகிறது. ஒவ்வொரு பீரின் பெயரையும் தனித்தனியே பதிய வேண்டுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.