ரசாயனம் சிந்தினால் முதலில் செய்ய வேண்டியது என்ன? எல்லாவற்றுக்கும் மரத்தூள் போதுமா?

கேள்வி – கிடங்குப் பொறுப்பாளர்

வணக்கம். எங்கள் பணிமனைக் கிடங்கில் இயந்திர எண்ணெய், தின்னர், பேட்டரி ஆசிட், நைட்ரிக் அமிலம், தரை கழுவும் ப்ளீச் திரவம் ஆகியவை உள்ளன. எது சிந்தினாலும் மூலையில் இருக்கும் வாளியிலிருந்து மரத்தூளை அள்ளிப் போட்டுப் பெருக்கி எடுப்பதே வழக்கம். அண்மையில் தின்னர் டின் கவிழ்ந்தபோது, வாடை தாங்காமல் ஒருவர் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட ஓடினார்; இன்னொருவர் போடக் கூடாது என்று சத்தமிட்டுத் தடுத்தார். யார் செய்தது சரி? மரத்தூள் எல்லாவற்றுக்கும் ஏற்றதா? அறிந்தவர்கள் விளக்கினால், அதை எழுதிக் கிடங்குச் சுவரில் ஒட்ட விரும்புகிறேன்.

மறுமொழி 1 – பராமரிப்புப் பொறியாளர்

தடுத்தவர் செய்ததே சரி. தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுயீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். சில தின்னர்களில் சேரும் அசிட்டோனுக்கு அந்த அளவு சுமார் மைனஸ் 20 டிகிரி. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், மேலே போகாமல் தரையோடு பரவித் தொலைவிலுள்ள தீப்பொறியையும் எட்டிவிடும். சாதாரண சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சிறு பொறி உண்டாகும். ஆகவே அருகிலுள்ள எந்தச் சுவிட்சையும் தொடாமல், வெல்டிங், கிரைண்டிங் வேலைகளை நிறுத்தச் சொல்லி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, ஆட்களை வெளியேற்றுங்கள்.

மரத்தூள் இயந்திர எண்ணெய்க்கு மட்டுமே பொருந்தும். தின்னரில் நனைந்தால் அதுவே எரிபொருளாகிவிடும். நைட்ரிக் அமிலத்தின் மீது போட்டாலோ, நெருப்பே வைக்காமல் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம்; பழுப்பு நிற நச்சுப் புகையும் கிளம்பும். அந்த வாளியை இன்றே அகற்றிவிட்டு உலர்ந்த மணலை நிரப்பி வையுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 2 – ஆய்வக உதவியாளர்

பேட்டரி ஆசிட் சிறிதளவு சிந்தியிருந்தால் சமையல் சோடா போதும். நடுவில் கொட்டாமல், ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும்; நுரைத்துப் பொங்குவது அடங்கிய பிறகும் பி.எச். தாளால் (அமிலத்தன்மையை நிறமாற்றத்தால் காட்டும் தாள்) சோதித்துவிட்டே துடைக்க வேண்டும். காஸ்டிக் சோடாவை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்; கடும் வெப்பம் உண்டாகி அமிலம் தெறிக்கும்.

ப்ளீச் திரவத்தை அமிலத்தின் அருகில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். 1915-இல் போர்க்களத்தில் நச்சு ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. அமிலம் துடைத்த மாப்பைக் கழுவாமல் ப்ளீச் வாளியில் முக்கினாலும் இதே ஆபத்துதான்.

மறுமொழி 3 – பாதுகாப்பு அலுவலர்

மேற்கண்ட இரண்டு பதில்களும் சரியானவை. ஆனால் சோடாவை எடுக்கும் முன், எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கையிலுள்ள மணலுக்கும் சோடாவுக்கும் அடங்காத அளவு என்றால், அல்லது சிந்தியது என்னவென்றே தெரியவில்லை என்றால், சுத்தம் செய்ய முயலாமல் அனைவரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். ஒருவர் மீது பட்டிருந்தால் தரையை விட்டுவிட்டு அவரைக் கவனியுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் இமையைத் திறந்து பிடித்து ஓடும் நீரில் கழுவிய பிறகே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் விற்பவரிடமிருந்து பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதன் 16 பிரிவுகளில் 4-ஆவது முதலுதவியையும், 6-ஆவது சிந்தினால் செய்ய வேண்டியதையும், 8-ஆவது அணிய வேண்டிய கையுறை, கண்ணாடி ஆகியவற்றையும் சொல்லும். சுவரில் ஒட்ட வேண்டியவை இந்த மூன்றும்தான். பல இடங்களில் துப்புரவுப் பணியாளரிடம் துடைப்பத்தைக் கொடுத்து, சிந்தியது என்னவென்று சொல்லாமலே உள்ளே அனுப்புகிறார்கள். இது எனக்கு மிகுந்த வேதனை தரும் வழக்கம். பயிற்சியும் கையுறையும் இல்லாத எவரையும் அனுப்பாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அமிலத்தையும் ப்ளீச்சையும் இன்றே வெவ்வேறு அறைகளுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். தின்னரை உறிஞ்சிய மணலைக் குப்பையில் போடலாமா?

மறுமொழி 1 – பராமரிப்புப் பொறியாளர்

கூடாது, சாக்கடையிலும் கொட்டக் கூடாது. மூடியுள்ள உலோகக் கலனில் இட்டு, உள்ளே இருப்பது என்ன என்பதை வெளியே எழுதி ஒட்டி, அபாயகரக் கழிவுகளைப் பெற உரிமம் உள்ளவரிடம் ஒப்படையுங்கள். அதுவரை வெயிலும் நெருப்பும் படாத இடத்தில் வைத்திருங்கள்.